தண்ணீர் ஊற்றும்போது அடுப்பருகே யாரும் நிற்க வேண்டாம்: டர்பனில் ஞானஸ்நான விருந்து

எங்கள் மூத்தவளுக்கு ஞானஸ்நானம் ஆன அன்று என் அம்மா கோயிலில் இல்லை. பேத்தியைப் பார்ப்பதற்கென்றே தூத்துக்குடி மாவட்டம் நாசரேத்திலிருந்து மூன்று மாத விசாவில் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவர். காலை எட்டரைக்கு எல்லோரும் கிளம்பி நிற்கிறோம், அடுப்பில் ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருக்கிறது. "நீங்கள்லாம் போங்க, நான் பாத்துக்கிடுதேன். விட்டுட்டு வந்தா அடிப்பிடிச்சிரும்லா" என்று சொல்லிவிட்டார். குருவானவர் மூன்று தரம் தண்ணீர் ஊற்றியது அரை நிமிடம்கூட இருக்காது. அந்த அரை நிமிடத்தை அம்மா பிறகு என் தம்பியின் செல்போனில்தான் பார்த்தார். கறி நன்றாகத்தான் இருந்தது. அது என்ன ருசியில் இருந்தது என்று எனக்கு இப்போது நினைவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டிலும், டர்பனின் புறநகர்களான சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் உள்ள சிநேகிதர் வீடுகளிலும் ஏழெட்டு ஞானஸ்நான விருந்துகளுக்குச் சாப்பாட்டுப் பொறுப்பை எடுத்துச் செய்திருக்கிறேன். ஒவ்வொரு பதார்த்தத்தையும் ஒரே கேள்வி கேட்டுத்தான் சேர்ப்பேன்: கோயிலில் தண்ணீர் ஊற்றும் நேரத்தில் இதற்காக ஒருவர் அடுப்பருகே நிற்க வேண்டுமா? வேண்டும் என்றால் அந்தப் பதார்த்தம் வேண்டாம். ஊரிலிருந்து புதிதாக வந்து, ஒத்தாசைக்கு மாமியாரோ அத்தையோ இல்லாமல் முதல் தடவை ஐம்பது பேருக்குச் சாப்பாடு யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் குருவானவரிடம் கேளுங்கள்

சாப்பாட்டுத் திட்டம் அடுப்படியில் தொடங்குவதில்லை, கோயில் அலுவலகத்தில் தொடங்குகிறது. மூன்று வாரத்துக்கு முன்பே போய் மூன்று விஷயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஞானஸ்நானம் ஆராதனைக்குள்ளேயே நடக்குமா, முடிந்த பிறகு தனியாக நடக்குமா? அன்று எத்தனை குழந்தைகள்? எல்லாம் முடிந்து வெளியே வர எத்தனை மணி ஆகும்? ஒரு குழந்தைக்கும் ஆறு குழந்தைகளுக்கும் அரை மணி நேர வித்தியாசம் சாதாரணமாக வரும். அதோடு வாசலில் படம் பிடிக்க இருபது நிமிடம், கார்களில் ஏறி வீடு வந்து சேர இருபது நிமிடம் என்று கூட்டிக்கொள்ளுங்கள். ஒன்பது மணி ஆராதனை என்றால் பெரும்பாலும் பதினொன்றேமுக்காலுக்குத்தான் முதல் கார் உங்கள் கேட்டுக்குள் நுழையும்.

இங்கே பெந்தெகொஸ்தே சபைகளில் உள்ள தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அவர்கள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை, குழந்தையைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுக்கும் பிரதிஷ்டைதான் செய்வார்கள். சாப்பாட்டைப் பொறுத்தவரை இரண்டுக்கும் ஒரே கணக்குதான்.

நாள் குறிப்பது உங்கள் கையில் இருந்தால் ஜூன், ஜூலை, ஆகஸ்டில் குறியுங்கள். டர்பனில் அது குளிர்காலம். மழை குறைவு, வெயில் இதமாக இருக்கும், முற்றத்திலேயே பந்தி வைக்கலாம். டிசம்பர் முதல் மார்ச் வரை புழுக்கமும் மழையும் சேர்ந்து வரும். பால் பட்ட எதுவும் மேசையில் ஒரு மணி நேரம் தாங்காது என்று நினைத்துத் திட்டம் போட வேண்டும்.

யார் யார் வருகிறார்கள், யார் எதைச் சாப்பிட மாட்டார்கள்

தலைக்கணக்கு எடுக்கும்போது அழைத்த எண்ணிக்கையோடு பத்தில் ஒரு பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் ஒரு குடும்பத்தைக் கூப்பிட்டால் பாட்டியும், பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் அங்கிளும் சேர்ந்து வருவார்கள். வரட்டும். அப்படி வருகிறவர்கள்தான் அடுத்த வருஷம் உங்களுக்கு ஆபத்துக்கு உதவுகிறவர்கள்.

அதைவிட முக்கியம், அவர்கள் என்ன சாப்பிடுவார்கள் என்பது. 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் இங்கே வந்துசேர்ந்த முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் சேர்ந்தே இருந்தார்கள். அவர்களுடைய சந்ததியில் இன்றும் ஒரே குடும்பத்துக்குள் பெரியப்பா வீடு முருகனுக்குக் காவடி எடுக்கும், சித்தப்பா வீடு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும். ஆகவே உங்கள் விருந்தில் மாட்டுக்கறி வேண்டாம், பன்றிக்கறி வேண்டாம். கோழியை ஹலால் கடையில் வாங்கினால் முஸ்லிம் பக்கத்து வீட்டாரும் கூச்சமில்லாமல் தட்டை எடுப்பார்கள். புரட்டாசி மாதத்தில், அதாவது செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை, இங்குள்ள தமிழ் இந்துக்களில் பெரும்பாலோர் கவிச்சி தொட மாட்டார்கள். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் முந்தைய நாட்களும் அப்படித்தான். அந்தச் சமயங்களில் சைவப் பானைதான் பெரிய பானையாக இருக்க வேண்டும். சைவத்துக்குத் தனிக் கரண்டி, தனி மேசை வையுங்கள். ஒரு வயதான அம்மாள் கோழிப் பானையில் போட்ட கரண்டி பீன்ஸ் பானைக்குள் போவதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வெறும் ரொட்டியோடு எழுந்து போனதை நான் பார்த்திருக்கிறேன். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எங்கள் பட்டியல்

ஐம்பது பேருக்கு நான் வழக்கமாக வைப்பது இதுதான்: வந்தவுடன் கையில் கொடுக்கச் சமூசாவும் தேநீரும், பிறகு கோழி பிரியாணி, பருப்பு, ஷுகர் பீன்ஸ் கறி, ரொட்டி, கேரட் சம்பல், வெள்ளரிக்காய் போட்ட தயிர், கடைசியில் சோஜியும் பழமும். இதற்குமேல் ஆசைப்படாதீர்கள். வடை, பூரி, அப்பளம், மீன் பொரியல் எல்லாம் சுடச்சுட ஆள் நின்று போட்டுத் தர வேண்டியவை. என் கேள்வியில் அவை தோற்றுப்போகும்.

இங்கே பிரியாணியை 'பிரேயானி' என்பார்கள். நம் ஊர்ப் பிரியாணி மாதிரி இருக்காது. மைசூர்ப் பருப்பின் தோலுள்ள கறுப்பு வகையை வேகவைத்து அரிசியோடு அடுக்குவார்கள், உருளைக்கிழங்கு பெரிய துண்டாக இருக்கும், அவித்த முட்டையும் உள்ளேயே வரும். முதலில் எனக்கு விநோதமாகப்பட்டது. இப்போது பருப்பில்லாத பிரியாணி ஏதோ குறைவதுபோல் இருக்கிறது. கூடவே குழைந்த பருப்பும் தயிரும் கட்டாயம் கேட்பார்கள். அவை இல்லாமல் பிரியாணி மட்டும் வைத்தால் சாப்பாடு முடியவில்லை என்றே இந்த ஊர்க்காரர்கள் நினைப்பார்கள்.

பிரியாணியை விலைக்கு வாங்குவதே நல்லது என்பது என் அபிப்பிராயம். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம் எங்கும் வீட்டிலிருந்தே பானைக் கணக்கில் பிரியாணி செய்து தருகிற பெண்கள் இருக்கிறார்கள். உங்கள் கோயிலில் நாலு பேரிடம் விசாரித்தால் நாலு பேரும் பெரும்பாலும் ஒரே ஆளைத்தான் சொல்வார்கள். இரண்டு வாரம் முன்பே சொல்லி, பாதிப் பணம் கொடுத்து, பானை எத்தனை மணிக்கு உங்கள் வீட்டில் இருக்க வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். பன்னிரண்டு மணி என்று சொல்லாதீர்கள், பதினொன்றே முக்கால் என்று சொல்லுங்கள். எத்தனை பேருக்கு என்பதோடு எத்தனை கிலோ அரிசி, எத்தனை கிலோ கோழி என்பதையும் கேளுங்கள். 'ஐம்பது பேர் பானை' என்பது ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் அளவு. வாங்குகிற செலவு அதிகம் என்று தோன்றினால் ஞானப்பெற்றோரிடம் பேசுங்கள். குழந்தைக்கு இன்னொரு வெள்ளி வளையல் வாங்குவதற்குப் பதிலாகப் பிரியாணிப் பானையை அவர்கள் ஏற்றுக்கொண்டால் எல்லோருக்கும் நிம்மதி.

வீட்டில்தான் செய்வேன் என்கிறவர்களுக்கு

முடியும். ஆனால் சனிக்கிழமையே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும், ஞாயிறு அதிகாலை ஐந்து மணிக்கு இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். அந்த இருவரில் ஒருவர் குழந்தையின் தாயாக இருக்கக் கூடாது.

ஐம்பது பேருக்கு அரிசி 5 கிலோ, எலும்போடு கோழி 7 கிலோ, உருளைக்கிழங்கு 4 கிலோ, கறுப்பு மைசூர்ப் பருப்பு 1 கிலோ, முட்டை 30, வெங்காயம் 3 கிலோ போதும். மற்ற பதார்த்தங்களும் இருப்பதால் இது தாராளமாகவே இருக்கும். போர்த்தி வைக்கப்போகும் பிரியாணிக்குப் பாஸ்மதியைவிட இங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கும் நீளமான புழுங்கல் அரிசி மேல். நாலு மணி நேரம் சூட்டில் இருந்தாலும் குழையாது. உருளைக்கிழங்கில் 'அப்-டு-டேட்' என்ற வகையைக் கேட்டு வாங்குங்கள். டர்பன் தமிழ் வீடுகளில் கறிக்கு அதைத்தான் தேடுவார்கள். குழம்பை உறிஞ்சி மெத்தென்று ஆகும். 'கிரேவி சோக்கர்ஸ்' என்று அதற்கு இங்கே செல்லப்பேரே உண்டு.

சனிக்கிழமை மாலை: வெங்காயத்தைச் சிவக்கப் பொரித்து எடுத்துவிடுங்கள். பருப்பை அரைவேக்காடாக வேகவைத்து வடித்துவிடுங்கள். முட்டையை அவித்துத் தோலோடு குளிர்பெட்டியில் வையுங்கள். கோழியை, இங்கே 'மாஸ்' என்று விற்கும் புளித்த பாலிலும் மசாலாவிலும் பிசறி அதையும் குளிர்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். மாஸ் நம் கெட்டித்தயிருக்குப் பதில் அருமையாக வேலை செய்யும்.

ஞாயிறு ஐந்து மணிக்குக் கோழியையும் கிழங்கையும் முக்கால் வேக்காடு வேகவிட்டு, இன்னொரு பக்கம் அரிசியைப் பாதி வேகவைத்து வடித்து, அடுக்கடுக்காகப் போட்டு, பானைக்கடியில் இரும்புத் தோசைக்கல் வைத்து, மிகக் குறைந்த தீயில் முக்கால் மணி நேரம். ஏழரைக்குள் அடுப்பு அணைந்திருக்க வேண்டும். அணைக்குமுன் பானையின் நடுவில் கரண்டிக் காம்பை இறக்கிப் பாருங்கள், அடிவரை ஆவி பறக்க வேண்டும். கோழித் துண்டு ஒன்றை எடுத்து எலும்போரம் சிவப்பில்லை என்று பிய்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு மூடியைத் திறக்கவே கூடாது.

இப்போது போர்த்துகிற வேலை. தரையில் மடித்த கம்பளி, அதன்மேல் பானை, சுற்றி இரண்டு கம்பளி, மேலே தலையணை. நம் பாட்டிகள் வைக்கோலில் செய்ததுதான் இது. இந்த மாகாணத்திலேயே இதே யோசனை ஒரு பெரிய காரியமாக வளர்ந்தது: 2008இல் மின்வெட்டு நாட்டை வாட்டியபோது சாரா காலின்ஸ் என்ற பெண்மணி, தன் பாட்டி சட்டியைத் தலையணைகளால் சுற்றி வைத்ததை நினைவில் வைத்து 'வொண்டர்பேக்' என்ற, நுரைப்பஞ்சு அடைத்த துணிப்பையை உருவாக்கினார். ஒரு முறை கொதித்த சட்டியை அதற்குள் வைத்துக் கட்டினால் மின்சாரமும் எரிவாயுவும் இல்லாமலே மணிக்கணக்காக உள்ளே வெந்துகொண்டிருக்கும். பருப்புச் சட்டிக்கும் பீன்ஸ் சட்டிக்கும் நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். பிரியாணிப் பானை அதற்குள் நுழையாது, அதற்குக் கம்பளிதான்.

ஒரு விதி: பானை நிறைந்திருந்தால்தான் சூடு நிற்கும். பாதிப் பானையைப் போர்த்துவதில் பிரயோஜனம் இல்லை. திறக்கும்போது உள்ளே 60 டிகிரி செல்சியஸுக்குமேல் இருக்க வேண்டும். இறைச்சியில் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. 60க்குச் சற்றுக் கீழே போயிருந்தால் அப்படியே பரிமாறாமல் முழுக்க ஆவி வரும்வரை மறுபடி சூடாக்குங்கள். வெந்த சோறு வெதுவெதுப்பாகவே நெடுநேரம் கிடந்தால் அதில் வளரும் ஒரு கிருமி வாந்தி வர வைக்கும். அது விட்டுவைக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது, அப்படி நெடுநேரம் கிடந்ததைப் பரிமாறவே வேண்டாம். கைக்குழந்தை வைத்திருக்கும் வீட்டில் இதில் அசட்டை வேண்டாம். உங்கள் கோயில் முடிய பன்னிரண்டுக்குமேல் ஆகும் என்றால் வீட்டுப் பிரியாணியை விட்டுவிட்டு வாங்கிவிடுங்கள்.

பீன்ஸ் கறிதான் இந்தப் பந்தியின் தூண்

இதை எழுதும்போதே எனக்கு வாசனை வருகிறது. ஷுகர் பீன்ஸ் என்பது சிவப்புப் புள்ளி போட்ட வெளிர்நிறப் பயறு. எந்தக் கடையிலும் பொட்டலமாகக் கிடைக்கும். முந்தின நாள் செய்தால் மறுநாள் ருசி கூடுகிற கறி இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்து. எல்லோருக்கும் ஆகும். காவடி விரதக்காரருக்கும் ஆகும், பிரியாணியை இரண்டாம் தரம் போட்டுக்கொண்டவருக்கும் ஆகும்.

1.5 கிலோ பீன்ஸை வெள்ளி இரவு நிறையத் தண்ணீரில் ஊறப் போடுங்கள். சனி காலை அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் முதல் பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்க விடுங்கள். இந்தப் பத்து நிமிடத்தைச் சுருக்காதீர்கள். இந்த இனப் பயறுகள் அரைவேக்காட்டில் வயிற்றைப் புரட்டும். பிறகு மிதமான தீயில் நசுங்குகிற பதம் வரை. இன்னொரு சட்டியில் கடுகு, சீரகம், ஒரு கைப்பிடி கறிவேப்பிலை, வெங்காயம், இஞ்சி பூண்டு, நாலைந்து மேசைக்கரண்டி டர்பன் மிக்ஸட் மசாலா, ஒன்றரைக் கிலோ தக்காளி, பெரிதாக நறுக்கிய உருளைக்கிழங்கு. கிழங்கு வெந்ததும் பீன்ஸைக் கொட்டி அரை மணி நேரம். கறிவேப்பிலைக்குக் கடைக்குப் போகாதீர்கள். சாட்ஸ்வொர்த்தில் பத்து வீட்டுக்கு ஒரு மரம் நிற்கிறது, கேட்டால் கிளையோடு ஒடித்துத் தருவார்கள், அப்படியே ஓர் அறிமுகமும் ஆகும்.

வெந்ததும் பெரிய சட்டியிலேயே ஆறப் போட்டால் நடுவில் சூடு இரவு முழுக்க நின்று புளித்துவிடும். அகலமான தட்டுகளில் ஊற்றி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் ஏற்றுங்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்கு மறுபடி நன்றாகக் கொதிக்கவிட்டு வொண்டர்பேக்குக்குள்.

இதைச் சோற்றுக்குப் பதில் ரொட்டிக்குள் ஊற்றிக் கொடுத்தால் அதுதான் டர்பன்காரர்களின் 'பன்னி சௌ'. வெட்டாத ரொட்டியை நாலாக வெட்டி, நடுவைக் குடைந்து, கறியை ஊற்றி, குடைந்த துண்டை மேலே வைத்துக் கொடுப்பது. தட்டும் வேண்டாம், கரண்டியும் வேண்டாம். இருபது இருபத்தைந்து பேர் மட்டும் வருகிற சின்ன விருந்து என்றால் பிரியாணியையே விட்டுவிட்டு இதை மட்டும் வைக்கலாம். என் இரண்டாவது பிள்ளைக்கு அப்படித்தான் செய்தோம். அன்று அம்மா ஊரில் இருந்தார், நேரலையில் பார்த்தார். வீட்டில் இருந்த எல்லோரும் கோயிலில் இருந்தோம்.

மற்றவை, சுருக்கமாக

பருப்பு: 1.25 கிலோ துவரம்பருப்பு. கடைகளில் 'ஆயில் டால்' என்று கேளுங்கள். வைக்க வைக்க இறுகும், அதனால் கொஞ்சம் நீர்க்கவே இறக்குங்கள். தாளிப்பை மட்டும் காலையில் போடுங்கள்.

கேரட் சம்பல்: 2 கிலோ கேரட்டைத் துருவி, பச்சைமிளகாய், வெங்காயம், உப்பு, வினிகர். சனி இரவே செய்யலாம். தயிருக்கு 4 லிட்டர் மாஸ். வெள்ளரிக்காயை மேசைக்குப் போகும்போது கலந்தால் போதும், அதுவரை ஐஸ் போட்ட கூலர் பெட்டிக்குள் இருக்கட்டும்.

சோஜி என்பது நம் கேசரிதான். பாலும் கிரீமும் ஊற்றி இளக்கமாகச் செய்வது இங்குள்ள முறை. வெயில் காலத்தில் நான் பாலைத் தவிர்த்துத் தண்ணீரில் கிண்டி, தட்டில் பரப்பி, துண்டு போட்டுக் குளிர்பெட்டியில் வைத்துவிடுவேன். 1 கிலோ ரவை ஐம்பது துண்டுக்குச் சரியாக வரும்.

சமூசாவை நீங்கள் பொரிக்காதீர்கள். ஆளுக்கு மூன்று வீதம் 150 சமூசா, பொரித்தே தரும்படி சொல்லிவைத்து, கோயிலிலிருந்து திரும்பும் வழியில் ஒரு கார் போய் எடுத்து வரட்டும். வந்து இறங்கியவர்கள் கையில் ஐந்து நிமிடத்துக்குள் ஏதாவது இருந்தால், பந்தி அரை மணி தாமதமானாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. காலையில் ஏழு மணிக்கு ஏதோ கொறித்துவிட்டு வந்த பிள்ளைகளும் சர்க்கரை நோயுள்ள பெரியவர்களும்தான் அந்தக் கூட்டத்தில் முதலில் வாடுகிறவர்கள். பிள்ளைகளுக்குக் காரமில்லாத சோறும் பருப்பும் அவித்த முட்டையும் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

பழத்துக்கு அன்னாசி. கடற்கரையில் குச்சியில் செருகி மசாலாத் தூள் தூவி விற்பார்களே, அதே மாதிரி. டிசம்பர் என்றால் லிச்சி. பழத்தை வெளியே மேசையில் முன்கூட்டியே அடுக்காதீர்கள்: இங்கே குரங்குகள் வாழைப்பழத்தைத் தேடிக் கூரை வழியாகவே வரும். ஒரு வீட்டில் கேக்கின் மேல்தட்டையே தூக்கிக்கொண்டு போய்விட்டது.

கேக் என்றதும் ஒன்று: கிரீம் பூசிய கேக் ஜனவரியில் வழிந்துவிடும். 'பிளாஸ்டிக் ஐசிங்' என்று இங்கே சொல்லும் கெட்டிப் பூச்சு கேளுங்கள். அதையும் குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் வெட்டிவிடுவது நல்லது, புழுக்கத்தில் வியர்த்து ஒட்டும்.

கடைக்குப் போவது

காய்கறிக்கு சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட். வெள்ளியும் சனியும்தான் கூடும். வெள்ளி காலையில் போனால் கொத்தமல்லியும் புதினாவும் பனியோடு இருக்கும். நகரத்துக்குள் இருப்பவர்களுக்கு வார்விக் பகுதியில் உள்ள எர்லி மார்னிங் மார்க்கெட் வசதி. பேருக்கேற்றபடி சீக்கிரமே போங்கள். மசாலா விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில். அங்கே 'மாமியாரைத் தீர்த்துக்கட்டும் மசாலா' என்று எழுதி ஒரு குன்று சிவப்பாக நிற்கும்; அது பார்வைக்கு. பெரியவர்களும் குழந்தைகளும் வருகிற பந்திக்கு மிதமான மிக்ஸட் மசாலாவே போதும்.

பானை, எரிவாயு அடுப்பு, நாற்காலி, மடக்கு மேசை எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். சிலிண்டர் 9 கிலோ, 19 கிலோ என்று வரும். பெரிய வளைய அடுப்புக்கு 19 கிலோவை எடுங்கள், ஒரு 9 கிலோவைக் கைவசம் வையுங்கள். கராஜுக்குள் கதவை மூடிக்கொண்டு மட்டும் சமைக்காதீர்கள்.

மின்சாரம், தண்ணீர்

2023இல் இருந்த அளவு மின்வெட்டு இப்போது இல்லை. ஆனாலும் பேட்டையில் ஒரு கம்பி அறுந்தால் அன்றைக்கு முழுவதும் இருட்டுதான். மைக்ரோவேவை நம்பி எந்தப் பதார்த்தத்தையும் திட்டமிடாதீர்கள். தண்ணீர் அதைவிடக் கவலை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் சுத்திகரிப்பு நிலையம் அடித்துப் போனதால் டொங்காட் மக்கள் மாதக்கணக்கில் குழாய்த் தண்ணீர் இல்லாமல் லாரிக்குக் காத்து நின்றார்கள். மற்றப் பேட்டைகளிலும் சொல்லாமல் கொள்ளாமல் தண்ணீர் நிற்பதுண்டு. சனிக்கிழமையே 25 லிட்டர் கேன் நாலு நிரப்பி வையுங்கள்: சமையலுக்கு ஒன்று, கைகழுவ இரண்டு, கழிப்பறைக்கு ஒன்று.

வேலையைப் பங்கு போடுவது

"நான் என்ன கொண்டு வரட்டும்?" என்று கேட்பார்கள். "ஏதாவது கொண்டு வாங்க ஆன்ட்டி" என்று சொன்னால் ஆறு கிண்ணம் கேரட்டும் நாலு கேக்கும் வந்து நிற்கும், ஐஸ் இருக்காது. பேர் சொல்லி, பொருள் சொல்லி, அளவு சொல்லிக் கேளுங்கள்: "பெரியம்மா, நீங்க பருப்பு, பத்து லிட்டர் சட்டி நிறைய." "அண்ணா, நீங்க ஐஸ் இரண்டு மூட்டையும் கூலர் பெட்டியும்." கேட்பதில் கூச்சம் வேண்டாம். இந்த ஊரில் வேலை கொடுத்தால்தான் உரிமையோடு வருவார்கள்.

வளர்ந்த பிள்ளைகள் மூன்று பேரைப் பரிமாற நிறுத்துங்கள். முதல் சுற்று கரண்டி அவர்கள் கையில் இருந்தால் கடைசி ஆள்வரை கறி வரும். இரண்டாம் சுற்றை அவரவரே போட்டுக்கொள்ளலாம். குருவானவரை ஜெபத்துக்குக் கூப்பிடுங்கள், ஆனால் அவருக்கு அடுத்த ஆராதனை இருக்கலாம். இரண்டு பொட்டலம் கட்டித் தயாராக வைத்திருந்து கையில் கொடுங்கள்.

தாயும் குழந்தையும்

ஜெபம் முடிந்ததும் போடுகிற முதல் தட்டு குழந்தையின் தாய்க்கு. பெரியவர்களுக்கு முன்பா என்று தயங்காதீர்கள். பெரியவர்களிடம் சொன்னால் அவர்களே எடுத்துக் கொடுப்பார்கள். பால் கொடுக்கிறவள் காலை ஆறு மணியிலிருந்து பட்டுச் சேலையில் நிற்கிறாள், பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீரும் வையுங்கள். தேநீர் வேண்டும் என்றால் ரூய்போஸ் என்ற மூலிகை இலை போட்டுக் கொடுங்கள், அதில் கஃபீன் கிடையாது. ஓர் அறையை அவளுக்கும் குழந்தைக்கும் ஒதுக்கி, பரிசுப் பொட்டலங்களையும் கைப்பைகளையும் அந்தக் கட்டிலில் குவிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாராவது பாட்டி ஆசையாக விரலில் பாயசமோ தேனோ தொட்டுக் குழந்தை நாக்கில் வைக்கப் பார்ப்பார். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர ஒன்றும் வேண்டாம். தேன் ஒரு வயது முடியும்வரை கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் வித்து கைக்குழந்தையின் குடலில் முளைத்து உடலைத் தளர்த்திவிடும். இதை அன்று மேசையருகே சொன்னால் மனம் நோகும். முந்தின வாரமே, தொலைபேசியில், ஞானத்தாய் வாயால் சொல்ல வைத்துவிடுங்கள்.

ஞாயிறு காலை, மணிக்கணக்காக

ஐந்து மணிக்குப் பிரியாணி, வீட்டில் செய்வதாக இருந்தால். ஆறுக்குப் பருப்புத் தாளிப்பு. ஏழுக்குப் பீன்ஸ் கொதி. ஏழரைக்கு எல்லா அடுப்பும் அணைந்து, பானைகள் போர்வைக்குள். சிலிண்டரை மூடிவிட்டு, மூடியதை இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எட்டு மணிக்கு மேசைகளை விரித்து, தட்டுகளைத் துணியால் மூடி, தேநீர் டம்ளர்களைக் கவிழ்த்து வைத்தால் போதும். எட்டரைக்கு வீட்டில் ஓர் ஆள்கூட மிஞ்சாமல் கதவைப் பூட்டுங்கள். "நான் இருந்து பாத்துக்கிறேன்" என்று யாராவது சொல்வார்கள். அநேகமாக அது அம்மாவாகவோ அத்தையாகவோ இருக்கும். அவர்களைக் காரின் முன் சீட்டில் முதலில் ஏற்றுங்கள்.

திரும்பி வந்ததும் சமூசா, தேநீர். பன்னிரண்டேகாலுக்குப் பானை திறப்பு. மேசையில் திறந்து வைத்த எதுவும் இரண்டு மணி நேரத்துக்குமேல் அங்கே இருக்கக் கூடாது. வெயில் கொளுத்தினால் ஒரு மணி நேரம்.

மிச்சம்

மிஞ்சும். மிஞ்ச வேண்டும். சாப்பிட்டு முடிந்த கையோடு, எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போதே, இரண்டு பேர் பொட்டலம் போடத் தொடங்கட்டும். இந்த நாட்டில் எந்த வீட்டிலும் 2 லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாக்கள் கழுவி அடுக்கி வைத்திருப்பார்கள். ஒரு மாதம் முன்பிருந்தே சேர்க்கச் சொன்னால் இருபது முப்பது சேர்ந்துவிடும். முதலில் வர முடியாமல் வீட்டில் படுத்திருக்கும் பெரியவர்களுக்கு, பிறகு தனியாக இருக்கிறவர்களுக்கு, பிறகு மற்றவர்களுக்கு. கோழியும் சோறும் வெளியே ஆறிக் கிடந்த பானையிலிருந்து யாருக்கும் கட்டாதீர்கள். சூட்டோடு பானையில் இருந்ததை மட்டும். வாங்கிப் போகிறவர்களிடம் வீட்டுக்குப் போனதும் குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள்.

உங்களுக்கென்று ஒரு டப்பா பீன்ஸ் எடுத்து ஒளித்து வையுங்கள். திங்கட்கிழமை வாடகைப் பானையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரும்போது சமைக்கத் தெம்பு இருக்காது, ஒரு ரொட்டி மட்டும் வாங்கி வந்தால் போதும்.